ஆறாம் நாள் நீ எழுதாத வரி

குமரா, முதலில் சாப்பிட்டுவிடு. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த இந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறாய் என்பது உன் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. வயிறு நிறைந்த பிறகு இதைப் படி. பாதியில் போனைக் கையில் எடுக்காதே. முழுவதும் படித்துவிட்டு எடு. நான் பேசுவேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் எனக்கு ஒன்று வாசித்துக் காட்டினாயே, அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு வைத்தியம் செய்த சென்னை ஆஸ்பத்திரியில், அதே சிகிச்சைக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களைக் கூட்டிவைத்துப் பேசப்போகிறார்கள். தேறி வந்தவன் என்று உன்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாகூடத் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து நின்று கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு பத்தி வந்தது. "எனக்கு வலிப்பு வருவதற்கு முந்தின மாலை டூட்டியில் இருந்த நர்ஸ் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை. எழுதச் சொல்லவே இல்லை. பார்த்தேன் என்று பொய் சொன்னார். நீங்கள் யாரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்." வாசித்துவிட்டு, "எப்படிமா இருக்குது?" என்றாய். "நல்லா இருக்குதுப்பா" என்றேன். போனை வைத்த பிறகு, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அணைக்கத் தோன்றவில்லை.

அந்தப் பத்தி பொய், குமரா. நீயாகச் சொல்கிற பொய் அல்ல, நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பொய். ஸ்டெல்லா சிஸ்டர் அன்று மாலை வந்தார். உன்னைப் பார்த்தார். நோட்டைக் கேட்டு வாங்கினார். அதில் ஒரு வரி இருந்தது. அதை எழுதியது நீ இல்லை, நான்.

முதலிலிருந்தே சொல்கிறேன். அந்த நாட்களில் பாதி உனக்கு ஞாபகம் இல்லை, மிச்சத்தை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாய். உன் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி வந்தபோது, "உஷ்ணம்டா. போனைப் பாத்துக்கினு கண்ணு முழிச்சா கட்டி வராம இன்னா வரும்?" என்று மூன்று வாரம் விளக்கெண்ணெய் தடவியவள் நான். பிள்ளையார்பாளையத்திலிருந்து கோயில்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று நீ சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனோம். நெஞ்சுக்குள்ளும் கட்டி இருந்தது. டி செல் லுகீமியா, ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்றார்கள். அந்த மூன்று வாரத்துக்காக நான் அழுதபோது நீதான், "வுடுமா, மூணு வாரத்துல ஒண்ணும் ஆயிடலன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று தேற்றினாய். விளக்கெண்ணெய்க் கதையை வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதிருக்கிறேன். பெரிய தப்பை மூடி வைக்க அந்தச் சின்னத் தப்பு எனக்கு வசதியாக இருந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஒருவர் ஒரு தப்பையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதால், சொல்லாதது ஒன்று இருக்கிறதா என்று நீ பார்க்க வேண்டும். உன் அம்மாவிடம்கூட.

ஒன்றரை வருஷம் கீமோதெரபி கொடுத்தார்கள். போய்விட்டது என்று சொன்ன நோய் எட்டே மாதத்தில் திரும்ப வந்தது. அப்போதுதான் பெரிய டாக்டர் நம் நான்கு பேரையும் உட்கார வைத்து இம்யூனோதெரபி பற்றிச் சொன்னார். உடம்பில் காவலுக்கு இருக்கிற அணுக்களை எடுத்து, நோயை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப உடம்புக்குள் விடுவது. உன் வகை நோய்க்கு இன்னும் ஆராய்ச்சியாகத்தான் செய்கிறார்கள், பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். "மத்த வகையில பேஷண்டோட அணுவையே எடுத்துப் பழக்குவோம். தம்பிக்கு வந்திருக்கறது டி வகை. காவல் காக்குற அணுவே கெட்டுப்போச்சு, போலீசே திருடனான மாதிரி. நல்ல போலீஸை அனுப்பினாலும் ரெண்டு பேருக்கும் ஒரே காக்கி. ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்குவாங்க. அதனால அக்காகிட்டேர்ந்து நல்ல அணுவை எடுத்து, அதோட காக்கியைக் கழட்டிட்டு அனுப்பப் போறோம்" என்றார். அப்பா அதுவரை வாயே திறக்காதவர், "அப்ப மஃப்டியில போறாங்கன்னு சொல்லுங்க" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். உன் அக்கா அமுதா, "என் போலீசுங்கதான் உள்ள வராங்க, ஒழுங்கா மரியாதை குடு" என்று உன் தலையில் தட்டினாள்.

நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்து எனக்குக் கைவந்தது சிவநாமம் எழுதி எழுதித்தான். நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் எதையும் குறித்து வைக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் உனக்கு எத்தனை மணிக்கு எத்தனை காய்ச்சல், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாய், எவ்வளவு சிறுநீர் போனது என்று ஒன்று விடாமல் என் நோட்டில் எழுதினேன். "எங்க சார்ட்டை விட உங்க கணக்கு சுத்தமா இருக்கும்மா" என்று ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு நாள் சொன்னார். அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அணுக்களை ஏற்றிய முதல் நாளே அவர் நம்மிடம் விளக்கிச் சொன்னார். அவை உள்ளே போய்ச் சண்டை போடும்போது காய்ச்சல் வரும். சிலருக்கு மூளை தடுமாறும். அது முதலில் பேச்சிலும் கையெழுத்திலும்தான் தெரியும். அதனால் காலையும் மாலையும் கேள்வி கேட்பார்கள். இது எந்த மாதம், எந்த ஊர், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல். கடைசியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தினமும் ஒரே வாக்கியம். அதற்கென்று ஒரு நோட்டைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, "என்ன எழுதப் போறீங்க தம்பி?" என்றார்.

"'இந்த ஆஸ்பத்திரி இட்லி கல்லு மாதிரி இருக்குது.' தினம் எழுதினா ஒரு நாளாவது மாத்துவாங்க இல்ல சிஸ்டர்?"

"தாராளமா எழுதுங்க. நானும் சாட்சிக் கையெழுத்து போடறேன்."

உங்கள் இரண்டு பேர் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. "இவ்ளோ பெரிய வைத்தியம் நடக்குது, இவன் இட்லியைப் பத்தி எழுதறானாம். சாமி பேரை எழுதுடா" என்று அதட்டினேன். "ஏகாம்பரநாதர் வந்து இட்லியையா மாத்தப் போறாரு?" என்று முணுமுணுத்தாய். ஆனாலும் எனக்காக எழுதினாய்: ஏகாம்பரநாதர் எனக்குத் துணையாக இருக்கிறார். உன் முத்து முத்தான கையெழுத்தில் அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. இந்த ஒன்றரை வருஷமாக நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இதைத்தான். இட்லி வரியையே எழுத விட்டிருந்தால், அது கோணியபோது எனக்கு உறுத்தியிருக்காது. தொட்டிருக்கவும் மாட்டேன்.

ஆறாம் நாள் பிரதோஷம். காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு, அங்கே கோயிலில் அபிஷேகம் நடக்கிற நேரம் என்று நினைத்துக்கொண்டே, சிஸ்டர் வருவதற்குள் எழுதிவிடட்டும் என்று உன்னை எழுப்பிப் பேனாவைக் கொடுத்தேன். ஆண்டவன் பேரில் பாதி எழுதினாய். அதற்குள் வரி மேலே ஏறிப் போயிற்று, எழுத்துமேல் எழுத்து விழுந்தது. பேனா நின்றுவிட்டது. "வரலமா" என்றாய். "இன்னா வரல?" "எழுத்து." சொல்லிவிட்டு, யாரோ வேடிக்கை காட்டியதுபோல லேசாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன்னுடையதாக இல்லை. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஆனால் என் கண் தாளின்மேல்தான் இருந்தது. பிரதோஷ வேளையில் ஈசன் பேர் அரைகுறையாக, கோணலாகக் கிடக்கிறது. என் பிள்ளை உயிருக்குப் போராடுகிற நேரத்தில் இது அபசகுனம் என்றுதான் எனக்குப் பட்டது. அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பர்சில் வைத்தேன். அடுத்த தாளைத் திருப்பி, உன் கைமேல் என் கையை வைத்துப் பிடித்தேன். உனக்கு மூன்று வயதில், விஜயதசமி அன்று, தட்டில் பரப்பிய நெல்லில் உன் விரலைப் பிடித்து எழுத வைத்த அதே பிடி. இரண்டு பேரும் சேர்ந்து எழுதியதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் விரலில் பிடிப்பே இல்லை, குமரா. நான் இழுத்த பக்கம் அது வந்தது.

சிஸ்டர் வந்தார். "இது எந்த மாசம் தம்பி?" நீ என்னைப் பார்த்தாய். "அக்டோபர்னு சொல்லுப்பா" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "இப்பதான் தூங்கி எழுந்தான் சிஸ்டர்." ஊர் எது என்று கேட்டார். "காஞ்சிபுரம்" என்றாய். "வீட்டு ஞாபகமாவே இருக்கான்" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுதினாரா?" என்றார். நோட்டை நீட்டினேன். காலையில் எழுதியதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொன்னவர்போலச் சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டார்கள், போனார். நானும் என் நோட்டில் எழுதினேன்: மாலை 5.45, காய்ச்சல் 101, எழுத்து நன்று.

விடிந்து காப்பி வாங்கி வந்தபோது நீ என்னை அமுதா என்று கூப்பிட்டாய். அப்புறம் அதுவும் வரவில்லை. வாய் கோணி, கை கால் வெட்டி இழுத்தது. ஐசியூவில் ஒன்பது நாள் இருந்தாய்.

மூன்றாம் நாள் ஒரு டாக்டரும் தலைமை நர்ஸும் வந்து என்னிடம் கேட்டார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் சுவரோரமாக நின்றிருந்தார். "எழுதச் சொன்னேன், எழுதியிருந்தாரு, நானே பாத்தேன்னு சொல்றாங்க. ஆனா அந்த நோட்டு ரூம்ல இல்லம்மா. நீங்க பாத்தீங்களா?" அறையைக் காலி செய்தபோது எல்லாவற்றையும் குப்பைப் பையில் போட்டார்கள். சாமி பேர் எழுதிய நோட்டு காலில் படக்கூடாது என்று நான் எடுத்து என் துணிப்பையில் வைத்திருந்தேன். அவர்கள் கேட்டபோது பை என் மடியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் உன் எழுத்தையும் என் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிள்ளையை நாசமாக்கியவள் நீதான் என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். "இல்லீங்க. அவங்க எழுதச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியல" என்றேன். கேட்டது ஒன்று, நான் அதற்குமேல் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னேன். ஸ்டெல்லா சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவரை அந்த வார்டில் பார்க்கவில்லை. உனக்கு நினைவு திரும்பியது. எலும்பு மஜ்ஜையில் நோய் தெரியவில்லை என்றார்கள். அமுதாவிடமிருந்தே மஜ்ஜையும் எடுத்து உனக்கு ஏற்றினார்கள். "என்னை எழுதச் சொல்லவே இல்லியாமே?" என்று ஒரு நாள் நீ கேட்டபோது, "ஆமாம்ப்பா" என்றேன். நீ பிழைத்த சந்தோஷத்தில் எல்லோரும் இருந்தார்கள். நான் அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி அலமாரியில் வைத்து, தினமும் பூப் போட்டேன். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் பட்டினி கிடந்தேன். கோயிலில் நூற்றியெட்டுச் சுற்று சுற்றினேன். இன்னமும் நீ கையெழுத்துப் போடும்போது விரல் லேசாக நடுங்குகிறது. மருந்துகளாலும் இருக்கலாம் என்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். உனக்கு அது ஏன் என்று இப்போது தெரியும்.

நீ வாசித்த அன்று சாயங்காலமே அமுதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "நூத்தியெட்டு சுத்து சுத்தினியேம்மா, அதுல ஒரு சுத்து அந்த சிஸ்டருக்காக சுத்தினியா?" போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "காலைல முதல் பஸ்ஸுக்குப் போலாம். நோட்டை எடுத்து வை" என்றார். பஸ்ஸில் பாதி தூரம் போன பிறகு, "ஆஸ்பத்திரி நோட்டு சாமி அலமாரிக்கு எப்படி வந்துதுன்னு ஒரு நாளும் நான் கேக்கல பாரு. கேக்கத் தோணுச்சு, கேக்கல" என்றார்.

ஸ்டெல்லா சிஸ்டர் இப்போது புறநோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கிற இடத்தில் இருக்கிறார். வரிசையில் நின்று என் முறை வந்ததும் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "எழுத்தைப் பாத்தேன் பாத்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். யாரும் நம்பல. கொஞ்ச நாள் போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நாம பாத்தமா இல்ல வேற பேஷண்டோட குழப்பிக்கிட்டமான்னு. அப்புறம் வேற வார்டுல ராத்திரி டூட்டி போட்டப்ப, ஒரு பேஷண்ட நாலு தடவை போய்ப் பாப்பேன், என்னையே நம்ப முடியாம" என்றார். நான் அழுதேன். "அழாதீங்கம்மா, ஜனங்க பாக்கறாங்க. கையைப் பிடிச்சு எழுத வெச்சீங்க, அது பயத்துல. நோட்டு எங்கன்னு கேட்டப்ப நான் எதிர்லயே நின்னேனே, அதான் எனக்கு..." மன்னித்துவிடும்மா என்றேன். "அதுக்கு இப்ப என்கிட்ட பதில் இல்லம்மா. முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அடுத்து யாருங்க?" என்று கூப்பிட்டார்.

பெரிய டாக்டரிடம் நோட்டையும் பர்சில் இருந்த கிழிந்த தாளையும் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அன்று மாலையே தெரிந்திருந்தால் வலிப்பு வந்திருக்காதா என்று கேட்டேன். "தெரியாதும்மா. மருந்தை முன்னாடியே ஆரம்பிச்சிருப்போம். அப்பவும் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அதுக்கு மேல சொன்னா நான் பொய் சொல்றதா ஆகும்" என்றார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிஸ்டர் கடமை தவறினார் என்று அவர் பேரில் இருக்கும் குறிப்பை மாற்ற மேலே அனுப்புவதாகச் சொன்னார். இனி நோயாளி எழுதும்போது வீட்டு மனிதர்கள் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி போடப்போகிறாராம். அது எனக்காகப் போடுகிற விதி.

எல்லோருக்கும் பிறகு உனக்குச் சொல்கிறேன். உன் எதிரில் நின்று சொல்லத் தைரியம் வராததால் எழுதுகிறேன். உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை இனி எனக்கு இல்லை. ஆனாலும் தாய் என்ற பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உன் பொறுப்பில் ஒரு உயிர் இருந்தால், எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்களிடம் நீ ஆசைப்படுவதைச் சொல்லாதே, கண்ணால் பார்த்ததைச் சொல். அது கோணலாக இருந்தாலும் கோணலாகவே காட்டு. தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே வாயைத் திற. மறுநாள் அந்தத் தப்பைச் சுமக்க இன்னொருவரைத் தேட ஆரம்பித்துவிடுவோம். சாமியிடம் அழுதால் போதும் என்று நான் நினைத்தேன். நான் யாருக்குக் கெடுதல் செய்தேனோ அவர் அந்தச் சன்னதியில் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசும்போது அந்தப் பத்தியை எடுத்துவிடு. அந்த இடத்தில் இந்தக் கடிதத்தை வாசி. என் பேரையும் ஊரையும் சேர்த்துச் சொல். அங்கே வந்திருக்கும் தாய்மார்கள் எல்லோரும் என்னைப்போலவே பயந்து போய், தங்கள் பிள்ளையின் பதிலைத் தாங்களே எடுத்துக்கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். அவர்கள் இதைக் கேட்க வேண்டும். உன்னால் முடியாது என்றால் சொல், நானே எழுந்து நின்று வாசிக்கிறேன். நானும் அப்பாவும் வருகிறோம். ஸ்டெல்லா சிஸ்டரையும் கூப்பிட்டிருக்கிறேன். "டூட்டி இல்லன்னா பாக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

வாசித்து முடித்ததும் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடாதே. சிஸ்டர் வந்திருக்கிறாரா என்று பார். வந்திருந்தால் நேராக அவரிடம் போ. என்ன பேசுவது என்று உனக்கே தோன்றும். என்னிடம் அப்புறம் வரலாம். அன்றைக்கு உனக்கு வர மனசில்லை என்றால் நானும் அப்பாவும் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவோம். அதற்காக நான் உன்மேல் வருத்தப்பட மாட்டேன்.

அம்மா